கை நீளம்

"விளையாட்டு என்றால் என்ன? வரையறுக்க"
என்றது பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் படிவம்.
மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள்.
"காரணமில்லாமல் தொடுவது" என்று எழுதினாள் மரிசெல்.
நான் அதை அடித்துவிட்டு
"தொட்டுவிட்டு ஓடுவது" என்றேன்.
எங்கே ஓடும், உன் தோளில்தானே தைத்திருக்கிறோம்
என்றாள்.

தோளில்தான்.
பழைய பனிச்சறுக்கு ஜாக்கெட்டின் வலது தோளில்
சிலிக்கான் கை ஒன்று.
முழங்கை இல்லை, எலும்பு இல்லை.
மீன்தொட்டிக்குக் காற்றடிக்கும் பம்பு இரண்டு
முதுகில் இருந்து மூச்சு விடும்.
யானையின் மூக்கையே கை என்றவர்கள் நாங்கள்,
பெயர் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?
தும்பி.
மரிசெல் வாயில் அது டும்பி.

முதல் வாரம் கிச்சுகிச்சுச் சோதனை.
என் இடக்கையில் சின்ன நெம்புகோல்,
நான் அசைத்தால்
தும்பி என் விலாவில் அசையும்.
உடனுக்குடன் அசைந்தால் ஒன்றுமில்லை,
சொந்தக் கையிடம் விலாவுக்கு என்ன கூச்சம்.
மரிசெல் தாமதத்தைக் கூட்டினாள்.
நூறு மில்லிவினாடி. இல்லை.
நூற்றைம்பது. பொறு, பொறு.
இருநூறில்
நாற்காலியோடு சரிந்தேன்.

ஒரு இமைப்புக்குள் அடங்குகிற இடைவெளி,
அதற்குள் என் கை
இன்னொருத்தியின் கையாகிவிட்டது.
யாரடி நீ,
எந்த உரிமையில் என் விலாவில் —
சிரித்து முடித்ததும் விக்கல்.
அதையும் குறித்துக்கொண்டாள்.

வெளியே கூட்டிப்போகலாம் என்றது யார் என்று
இப்போது இருவருமே சொல்வதில்லை.
பெப்ரவரி. வின்னிபெக். மைனஸ் முப்பத்தொன்று.
இந்த ஊர்க் குளிரில் யாரும் யாரையும் தொடுவதில்லை,
தொட்டாலும் தெரியாது,
நடுவில் நாலு விரற்கடை வாத்து இறகு.
பெம்பினா சாலைப் பேருந்தில் ஏறியதும்
ஓட்டுநர் கேட்டார்:
"மூணு கைக்கும் ஒரே டிக்கெட்தானா?"

முன் இருக்கையில் சாம்பல் தொப்பிக்காரர்.
தும்பி நீண்டு
அவருடைய இடது தோளைத் தட்டியது.
திரும்பினார். யாருமில்லை.
நான் ஜன்னலில் உறைந்திருந்த பூவேலையைப் பார்த்தேன்.
மறுபடி தட்டியது.
நெம்புகோல் என் கோட்டுப் பைக்குள் இருந்தது வாஸ்தவம்,
ஆனால் தட்டியது நானில்லை.
இருநூறு மில்லிவினாடி வித்தியாசம் இருக்கிறது.

மூன்றாம் தடவை அவர் திரும்பவே இல்லை.
கையுறையைக் கழற்றி மடியில் வைத்தார்.
வெறுங்கையைத் தோளுக்குக் கொண்டுபோய்
தும்பியைப் பிடித்தார்.
பிடித்தபடி
உட்கார்ந்திருந்தார்.

ஒன்பது நியூட்டன்.
நாலு நிமிடம் பன்னிரண்டு வினாடி.
உணரி எழுதிவைத்தது இவ்வளவுதான்.
நாலு நிறுத்தம் தாண்டியது.
பிறகு விட்டார்,
எழுந்தார், இறங்கினார்,
கண்ணாடி வழியாகக்கூட என்னைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஜாக்கெட்டைக் கழற்றினால்
குளிரில் பேட்டரி செத்துக் கிடக்கிறது தும்பி,
விறைத்த விரல்களுக்குள்
பழுப்புத் தோல் கையுறை ஒன்று.
எப்போது எடுத்தது?
திருட்டுப் பயலே, உனக்குக் கை நீளம் என்று
அளவெடுத்தபோதே தெரியும் எனக்கு.
பிரித்துப் பார்த்தேன், விடவில்லை.
மின்சாரம் ஏறினால்தான் திறக்கும்.
சுவரில் செருகிவிட்டு
பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தேன்:
மைனஸ் முப்பத்தொன்றில்
ஒற்றைக் கையைச் சட்டைப்பைக்குள் விட்டபடி
நடந்துபோகிற ஒரு மனிதர்.

இன்று நாலாவது நாள்.
அதே பேருந்து, அதே நேரம்.
ஓட்டுநர் இப்போது ஒன்றும் கேட்பதில்லை.
தும்பி கையுறையை நீட்டிப் பிடித்துக்கொண்டு வருகிறது.
சாம்பல் தொப்பி எதுவும் ஏறினால்
சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறது.
கொடுக்கத்தானே வந்தோம், கழுதை,
என்று அதட்டுகிறேன்,

கோட்டுப் பைக்குள்
நெம்புகோலை இறுகப் பிடித்தபடி.